தவலையில் வந்த தண்ணீர்

நான் வேலை பார்த்த சர்க்கார் பரிசோதனைச்சாலை ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்தது. மைசூரில் அந்த நாளில் எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டிக் கேட்டாலும், அரண்மனை யானையோ குதிரையோ அங்கே நின்றதாகத்தான் சொல்வார்கள். அதில் பாதி புளுகு. எங்களுடையது நிஜம். சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. ஒரு வளையத்தில் என் குடையை மாட்டுவேன். மழை பெய்து சுவர் ஈரமானால் லேசாகக் குதிரை வாசனை வரும். வருகிறது என்று நான் சொல்வேன். எங்கள் கெமிஸ்ட் சார், அதெல்லாம் உன் பிரமை என்பார்.

பிரமைக்கு ஏற்ற இடம்தான் அது. உயரமான ஓட்டுக்கூரை, ஆளரவமில்லாத மத்தியானம், வரிசை வரிசையாகக் கண்ணாடி. என் மேஜை தெற்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். மேஜைமேல் உருண்டைக் குடுவை ஒன்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும்; அதற்குள் மரம் தலைகீழாக நிற்கும், மரத்துக்குப் பின்னால் சாமுண்டி மலையும் தலைகீழாகத் தொங்கும். வேலை இல்லாத நேரத்தில் நான் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை இருக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்ததாக சார் சொல்வதுண்டு.

வேலை என்றால் அதுவும் தண்ணீரைப் பார்ப்பதுதான். கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், குழாயில் வரும் தண்ணீர். எந்த ஊரிலாவது மாடு செத்தால், மீன் மிதந்தால், ஜனங்களுக்குக் காரணம் தெரியாமல் வயிறு வலித்தால் எங்களுக்குப் பாட்டில் வரும். ஒரே உயரமுள்ள நீண்ட கண்ணாடிக் குழல்களில் அதை ஊற்றி, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் நிறுத்தி, மேலிருந்து கீழே பார்ப்பேன். பக்கவாட்டில் பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். மேலிருந்து ஆழமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. ஏரிக்கு ஒரு பழுப்பு, பாறைக்கிணற்றுக்கு ஒரு நீலம். அந்த நிறங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒருவித மயக்கம் பழகிவிட்டது. வீட்டில் அம்மா, "காலேஜுல படிக்க வெச்சது தண்ணிய வெறிச்சுப் பாக்கறதுக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும்.

விஷம் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வாயு இருந்தது. பின்கட்டு அறையில், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடி உருண்டைகள் வைத்த ஒரு சாதனத்தில் அது உற்பத்தியாகும். அழுகின முட்டையின் நாற்றம். கெமிஸ்ட் சார் சுத்தமான வைதிகக் குடும்பம். வீட்டில் முட்டையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் அழுகின முட்டை எப்படி நாறும் என்று இந்த ராஜ்யத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அந்த வாயுவைத் தண்ணீருக்குள் விட்டால், காரீயம், தாமிரம் போன்ற உலோகங்கள் ஏதாவது கரைந்திருந்தால், தண்ணீர் மெதுவாகத் தேநீர் நிறத்துக்கு மாறும். மாறினால் இன்னொரு குழலில் குரோமேட் உப்பைப் போட்டுப் பார்ப்போம். காரீயமாக இருந்தால் மஞ்சளாக ஒரு மேகம் கிளம்பி, சுழன்று, அடியில் படியும். பார்க்க அவ்வளவு அழகு. விஷம் அவ்வளவு அழகாக இருக்கவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும்.

யுத்த காலத்தில் ஒருநாள் காலையில், சாயத்தொழில் செய்கிற ஒருவர், தலையில் பித்தளைத் தவலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். மைசூருக்கு வந்து நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைப்பவர். விரல் நகங்கள் எல்லாம் மஞ்சள். தவலையின் வாயை வாழை இலையால் மூடி, கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தார். கோவிலுக்கு அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவருகிற மாதிரிதான் கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணியச் சோதிச்சுச் சொல்ற ஆப்பீசு இதுதானுங்களா?"

இதுதான் என்றேன். கிணற்றுத் தண்ணீரென்றால் நாங்களே பாட்டில் கொடுப்போம், அதில்தான் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த பாட்டில்களைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பாட்டல்ல எந்தெந்த விஷத்தையெல்லாம் ஊத்துனீங்களோ. எங்க கெணத்துத் தண்ணிய அதுல பிடிச்சா தண்ணி என்னத்துக்காகுமுங்க? இந்தத் தவலை சுத்தமுங்க. புளி போட்டு வெளக்கி, புதுசா ஈயம் பூசுனது. சர்க்காருக்குக் கொண்டாரதுன்னு இதுலயே மொண்டேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தவலைக்குள் வெள்ளியாகப் பளபளத்தது. தண்ணீர் அதில் நிற்பது தெரியவே இல்லை.

அவருடைய கதையை அவரே சொன்னார். மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள். நஞ்சன்கூட்டில் கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். தாய் இல்லாத தாய்வீடு, அவரேதான் சமைத்துப்போடுகிறார். வந்தபோது நன்றாக இருந்த பெண்ணுக்கு இப்போது அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிற வலி, முகம் வெளுத்துவிட்டது, சாப்பாடு இறங்குவதில்லை. வைத்தியர் கஷாயம் கொடுத்தார், கேட்கவில்லை. பார்க்க வந்த சம்பந்தியம்மாள் கொல்லையில் சாயத்தொட்டியையும் அதற்குப் பக்கத்தில் கிணற்றையும் பார்த்துவிட்டு, சாயவிஷம் கிணற்றில் இறங்கியிருக்கிறது, என் வீட்டு வாரிசை இங்கே கொல்ல விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தண்ணீர் நல்லது என்று சர்க்காரிடம் எழுதி வாங்கிக் காட்டினால் பெண் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்து ரயிலில் அழைத்துப் போவான்.

"பொறந்த ஊட்டுல பெத்துக்கோணும்னு புள்ளைக்கு ஆசைங்க. அவ ஆத்தா போட்ட தொட்டில் அட்டத்துல கெடக்குது. அதை எறக்கித் தொடச்சு வெச்சுட்டேன்," என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

கெமிஸ்ட் சார் வெளியே வந்து தவலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எங்கள் பாட்டிலில் வராத தண்ணீரை அவர் தண்ணீராகவே மதிப்பதில்லை. ஆனால் அந்த மனிதரையும் பார்த்தார். "சரி, வெச்சுட்டுப் போகச் சொல்லு. நாமும் பார்ப்போம்," என்றார்.

மறுநாள் குழலில் ஊற்றினேன். மேலிருந்து பார்த்தபோது நல்ல நீலம், கொஞ்சம்கூடக் கலங்கல் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரிசோதனை முடிவதற்குள் சந்தோஷப்படுவது என் கெட்ட பழக்கம். வாயுவை விட்டேன். கண்முன்னே தண்ணீர் தேநீரானது. குரோமேட்டைப் போட்டேன். மேகம் கிளம்பியது. அந்த மஞ்சளை எங்கே பார்த்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை. அப்புறம் தெரிந்தது. அவர் நகத்தில் இருந்த மஞ்சள் அதுதான்.

நூலுக்கு அந்த மஞ்சள் ஏற்றுவது எப்படி என்று சாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காரீய உப்பில் நூலை நனைத்து, பிறகு குரோமேட் கரைத்த தொட்டியில் முக்குவார்கள். என் குழலில் நடந்ததுதான் அவருடைய தொட்டியில் தினமும் நடக்கிறது. சம்பந்தியம்மாள் சொன்னது சரி என்றுதான் ஆயிற்று. எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது. பார்த்தே இராத ஒரு மனுஷிமேல், சரியாகச் சொன்னதற்காக.

சார் குழலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ரிப்போர்ட் எழுத முடியாது. நம்ம பாட்டில்ல வந்த தண்ணி இல்ல. நீயே போய்ப் பிடிச்சுக்கொண்டு வா," என்றார். அப்புறம், நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்பும்போது, "நோடு, இங்கே பாரு, பாட்டிலை அந்தக் கிணத்துத் தண்ணியிலேயே மூணு தரம் அலம்பு. அப்புறம் பிடி," என்றார். எத்தனை தடவை போனாலும் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

சாயக்காரர் வீடு ஊருக்குத் தெற்கே, தெருவின் கடைசியில் இருந்தது. தெரு நெடுக மூங்கிலில் நூல் காய்ந்தது: சிவப்பு, பச்சை, அப்புறம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். காற்று வந்தால் தெருவே ஒரு பக்கமாகச் சாயும். அதற்கு நடுவே நடந்து போனபோது நான் எதற்காக வந்தேன் என்பதே சற்று மறந்துவிட்டது. நூலின் நிழல்கூட மஞ்சளாகத்தான் விழுந்தது.

நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று கழுத்துச் சிலுவையைப் பார்த்தாலே தெரியும். அதனால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தவர், தண்ணீர் தராமல் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மரியாதைக்கும் குறைவில்லாமல், வீட்டுச் சொம்பும் தீட்டுப்படாமல் செய்கிற உபசாரம் அது. எனக்குச் சுருக்கென்றது. இளநீர் ரொம்ப நன்றாக இருந்ததால் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கிணற்றடியில்தான் தகராறு. என் பாட்டிலைச் சரடு கட்டி இறக்கவேண்டும். அவர் என் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிணற்றை மறித்து நின்றார். மகள் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இருபது வயதிருக்காது. கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. "எறக்கட்டும் விடுங்கப்பா. கெணறு என்ன ஆயிரும்?" என்றாள். அவர் ஒதுங்கிக்கொண்டார். மூன்று தரம் அலம்பினேன், நாலாம் தரம் பிடித்தேன். கிணற்றுக்குள் வானம் வட்டமாகக் கிடந்தது. பாட்டில் போய்த் தொட்டதும் உடைந்து, திரும்பச் சேர்ந்தது.

சாயக் கொட்டகையையும் காட்டினார். காரீய உப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கழிவுத் தண்ணீரைத் தோளில் சுமந்து ஊருக்கு வெளியே ஓடைக்குக் கொண்டுபோய் ஊற்றுவாராம். "அதத் தொட்ட கையோட சோத்தத் தொடமாட்டனுங்க. விஷமுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். சமையலறையைத் தாண்டி வரும்போது கொதிக்கிற ரசத்தின் புளிவாசனை மூக்கில் ஏறியது. மகளுக்குப் புளிப்பு என்றால் உயிராம். மசக்கையில் தொடங்கிய ஆசை இன்னும் போகவில்லை. காலையில் புளிச்சாறு, மத்தியானம் ரசம், ராத்திரிக்கு அதே ரசம். வலி வந்தாலும் அது ஒன்றுதான் இறங்குகிறது என்றார். வாசனை நன்றாகத்தான் இருந்தது. நான் ஆழ மூச்சிழுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பாட்டில் தண்ணீரைக் குழலில் ஊற்றினேன். நீலம். வாயுவை விட்டேன். நீலம். இன்னும் விட்டேன். பின்கட்டு முழுக்க நாறியதே தவிர, தண்ணீர் அசையவில்லை. குரோமேட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரே கிணறு, ஒரே வாரம். தவலையில் வந்தது விஷம். பாட்டிலில் வந்தது அமிர்தம்.

சார் குழலைப் பார்க்கவில்லை. அலமாரிமேல் இருந்த தவலையைப் பார்த்தார். எங்கள் இடத்தில் வைத்த பாத்திரம் இனி வீட்டுக்கு ஆகாது என்று சாயக்காரர் அதைத் திரும்ப வாங்கிப் போகவில்லை. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பரிசோதனைக்கும் பக்கத்திலேயே, ஒன்றுமே இல்லாத தண்ணீரை வைத்து அதே பரிசோதனையைச் செய்யவேண்டும். காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது தண்ணீரின் குற்றமில்லை; நம் கையின் குற்றம், பாத்திரத்தின் குற்றம். சார் தவலையை இறக்கி, வடித்த தண்ணீரை ஊற்றி, நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டையும் கேட்காமலே எடுத்து அதில் பிழிந்தார்.

"காலையில வா," என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "தெரியும். சர்ச்சுக்கு முன்னாடி வா."

வந்தேன். குழலில் ஊற்றி வாயுவை விட்டபோது அது தேநீர்கூட இல்லை, டிகாக்ஷன். மஞ்சள் மேகம் குழலின் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்தது. சார் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். யுத்தத்தில் மலேயாவிலிருந்து, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வருவது நின்றுபோயிருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் என்ன செய்வார்கள்? காரீயத்தைக் கலந்து பூசினார்கள். பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. சாதாரணத் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் கரையும். புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் ஏராளமாகக் கரையும். இந்த வீட்டில் மூன்று வேளையும் புளி.

நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஒரு ஜட்கா பிடித்துத் தெற்கே போனேன். மூங்கில்களில் நூல் ஒன்றும் இல்லை, ஞாயிறு என்பதாலோ என்னவோ, தெரு வெளுத்துக் கிடந்தது. சாயக்காரர் வீட்டு வாசலில் இன்னொரு ஜட்கா நின்றது. மருமகன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் தலைவாரிப் பூ வைத்து, அழுத முகத்தோடு நிலையருகே இருந்தாள். சாயக்காரர் ஒரு கோணிப்பையின் வாயைச் சணலால் தைத்துக்கொண்டிருந்தார். பெண்ணை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று, புதிதாக ஈயம் பூசிய பாத்திரங்களை எல்லாம் அதில் கட்டியிருந்தார். மேலாக ஒரு தூக்குப் போணி. அதில் வழிக்குப் புளிக்காய்ச்சல்.

"தண்ணி நல்ல தண்ணி," என்றேன் மூச்சு வாங்க.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "நெசமாங்களா?"

"நெசம். கிணறு சுத்தம். உங்க சாயம் அதுல இறங்கவே இல்ல."

மகள் ஜட்காவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான், கையிலிருந்த மூட்டையை மெல்லத் தரையில் இறக்கினார். சாயக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக முடியட்டும் என்று நான் காத்திருந்தேன். அதற்குமேல் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. கோணிப்பையைக் காட்டிச் சொன்னேன். பாத்திரத்தில் பூசியிருப்பது காரீயம் என்றும், புளியில் அது கரைகிறது என்றும், பெண் இங்கே இருந்தாலும் நஞ்சன்கூடு போனாலும் அந்தப் பாத்திரத்தில் சமைக்கக்கூடாது என்றும்.

அவருக்குப் புரிவதற்கு நேரம் ஆகவில்லை. காரீயத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்லவேண்டியதே இல்லை. தூக்குப் போணியை எடுத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். திரும்ப மூடினார்.

"புள்ளை வருதுன்னு ரெண்டு கை ஈயம் பூசச் சொன்னனுங்க அம்மிணி," என்றார். "ஒரு கை போதும்னான் அவன். நாந்தான் ரெண்டு கை பூசுன்னேன்."

ஜட்காக் குதிரை தலையை உதறிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சர்க்கார் வேலைக்காரி அழக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. மகள் நடந்து வந்து அப்பாவின் கையிலிருந்த போணியை வாங்கி, கொல்லைப்பக்கம் கொண்டுபோய், கீழே ஊற்றாமல் ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தாள். மண்ணில் ஊற்றினால் கிணற்றில் இறங்குமே என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உதட்டை விலக்கி ஈறைப் பார்த்து, காரீய விஷத்தின் நீலக்கோடு இருக்கிறது என்றாராம். பிழைப்பாள், குழந்தையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்வதற்கில்லை என்றும் சொன்னாராம். அதற்கப்புறம் எனக்குத் தகவல் இல்லை. எங்கெங்கிருந்தோ தவலைகளும் போணிகளும் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. சார் இந்தப் பூச்சைப் பற்றி நகரசபைக்கு எழுதினார். நான் குழல்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, மஞ்சள் மேகம் படிவதைப் பார்ப்பேன். முன்போல அது அழகாக இல்லை. இல்லை, அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மழை ஓய்ந்தபிறகு ஒருநாள் சாயக்காரர் வாசலில் வந்து நின்றார். தலையில் ஒன்றும் இல்லை. "ஊட்டுக்கு வந்துட்டுப் போகோணுமுங்க," என்றார். என்ன, ஏது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கூடவே நடந்தேன். தெருவில் மஞ்சள் திரும்பக் காய்ந்தது.

அட்டத்திலிருந்து இறக்கிய தொட்டில் கூடத்தில் தொங்கியது. உள்ளே ஒரு பெண் குழந்தை. சின்னது, ரொம்பச் சின்னது. கை விரல்கள் தீக்குச்சி கனம்கூட இல்லை. ஆனால் நன்றாகக் கத்தியது. சமையலறையில் எல்லாம் மண்சட்டி. மகள் கொல்லைக்குப் போனாள். ராட்டினம் சுழலும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை இளநீர் இல்லை. அவர்கள் குடிக்கிற மண்குவளையில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

கை தன்பாட்டுக்குப் போயிற்று. குடிப்பதற்கு முன்னால் குவளையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, மேலிருந்து உள்ளே பார்த்தேன். அத்தனை வருஷப் பழக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டில் கிறீச்சிடும் சத்தம் நின்றது. நிமிர்ந்தால், தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி சாயக்காரர் அசையாமல் நிற்கிறார். மகள் தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள், இப்போது அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் குவளையை வாயில் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.